இரண்டாம் தவணை

மல்லாவிச் சங்கக்கடை வாசலில்
என் மஞ்சள் கானுக்கு நூற்றுப் பதினாலாம் இடம்.
அதற்கு முன்னால் ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு,
ஒரே கயிற்றில் கோத்த ஏழு கான்கள்.
ஆட்களெல்லாம் வாகை நிழலில்.
மண்ணெண்ணெய்ப் பவுசர் மாங்குளம் தாண்டிவிட்டதாம்.
நேற்றும் அது மாங்குளம் தாண்டியிருந்தது.

பைக்குள் முன்பள்ளி வரவுப் பதிவேடு.
அதன் கடைசித் தாளில்,
தை முதலாந் திகதி, சிவப்புப் பேனையால்,
இந்த வருடம் நான் செய்யப்போகிற ஐந்து.
தலைப்புக்குக் கீழே இரட்டைக் கோடு வேறு.
இருபத்து மூன்று பிள்ளைகளுக்குத்
தவணைக்குத் தவணை முன்னேற்றம் எழுதுகிறவள்
தனக்கும் ஒருக்கால் எழுதிப் பார்த்தால் என்ன?

ஒன்று. குழுக்கடனை முடிப்பது.
பதினோராம் கிழமையோடு நின்றது.
உரம் காணாத கச்சானைப் பிடுங்கினோம்,
உடைத்தால் கோது, உள்ளே காற்று.
பிறகு பால்மா விலை, பிறகு அம்மாவின் கண்.
காரணம் எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதாது.
பிள்ளைகளுக்கு எழுதுவதையே எழுதினேன்:
மேலும் முயற்சி தேவை.

இரண்டு. ஆங்கில வகுப்பு.
சனிக்கிழமை வவுனியா பஸ் ஓடும் வரைக்கும் போனேன்.
இறந்தகாலம் முடிந்தது.
எதிர்காலம் அடுத்த பாடம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்று. நீந்தப் பழகுவது.
இதைக் கேட்டுச் சிரித்தவள் ரஞ்சினி மட்டுமே,
அவளுக்கு மட்டும்தான் சொன்னேன்.
பதினாறு வயதில், கழுத்தளவுத் தண்ணீருக்குள்
யாரோ என் சட்டைக் கொலரைப் பிடித்து
இழுத்துக்கொண்டு போனார்கள். கரையில் விட்டார்கள்.
முகம் பார்க்கவில்லை. பெயர் தெரியாது.
அன்றிலிருந்து வாளித் தண்ணீர்தான்.
பெற்றோல் இல்லாத இந்த வைகாசியில்
வேறெங்கும் போக வழியில்லாமல்
வவுனிக்குளத்து வாய்க்காலுக்கு நடந்தோம்,
முதலை வராத பக்கமாம், அவள் பொறுப்பு.
நாடியைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.
பிறகு சொல்லாமல் கையை எடுத்துவிட்டாள்.
ஒன்பது எண்ணும் வரை மிதந்தேன்.
பத்தில் தாண்டு, ஒரு வாய் சேறு குடித்து,
எழும்பி அவளைத் தூஷணத்தால் திட்டினேன்.
ஒட்டுகிற நட்சத்திரத் தாள் கடைகளில் இல்லை,
அதனால் கையாலேயே கீறினேன்.
ஒரு முனை பெருத்துப் போயிற்று. இருக்கட்டும்.

நான்கு. லோன்காரர் வந்தால் ஒளியாமல் நிற்பது.
எழுதியதையே மறந்துவிட்டேன்.
மாசியில் இரண்டு தரம் கோழிக்கூட்டுக்குப் பின்னால்,
பங்குனியில் மலசலகூடத்துக்குள் முக்கால் மணித்தியாலம்.
பிறகு அவன் மோட்டார்சைக்கிளுக்கும் எண்ணெய் இல்லை.
போன புதன் ஒரு பழைய துவிச்சக்கரவண்டியை
உருட்டிக்கொண்டு வந்தான் டிலக்சன்,
கழுத்துப்பட்டி சட்டைப்பையில், செயின் கழன்று தொங்க.
தண்ணீர் கேட்டான். குடித்தான்.
"ரீச்சர், எனக்கும் ரெண்டு மாசமாச் சம்பளம் பாதி" என்றான்.
நான் செயினைப் பல்லில் கொழுவிக் கொடுத்தேன்.
கறுத்த விரல்களோடு முற்றத்தில் இருவரும் நின்றோம்.
கொப்பியை அவன் திறக்கவில்லை.
நான் நின்றதற்குப் புள்ளி உண்டா,
அவன் கேட்காததால் இல்லையா?
பென்சிலால் ஒரு சரி போட்டேன், அழிக்கலாம் என்று.

ஐந்து.
ஐந்தின் மேல் யதுசன் ஒரு லொறி கீறியிருக்கிறான்,
கறுப்புக் கிறேயோனால், எட்டுச் சில்லு, நிறையப் புகை.
சில்லுகளுக்கிடையில் ஒரு 'வே' தெரிகிறது.
வேலையா, வேலியா, வேண்டாம் என்பதா?
சுரண்டிப் பார்த்தேன், நகத்துக்குள் கறுப்பு.
ரஞ்சினியைக் கேட்டேன்.
"எனக்கு நீந்துறதை மட்டும்தானே சொன்னனி."

அப்போதுதான் கச்சான் காற்று ஒரு பிடி பிடித்தது.
வெறுங்கான்கள் அத்தனையும் உருண்டன,
ஐம்பதும் நூற்றிருபதும் ஒன்றாகி றோட்டுக்கு ஓடின.
வாகை நிழல் முழுக்க எழும்பிக் கத்தியது.
செங்கல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.
பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மஞ்சளாய்த் தெரிந்த ஒன்றைத் துரத்தினேன்.
பிடித்த பிறகு பார்த்தால்
மூடி நீலம். என்னுடையது சிவப்பு.