கையிருப்பு

பதினொரு வருசம் பெரியகடையில்
ஒரு புடவைக்கடையின் காசு மேசையில் இருந்தேன்.
தாள்க்கட்டை இடக்கையில் மடித்துப் பிடித்து
வலது பெருவிரலால் தட்டினால்
நூறு தாளுக்கு முப்பது விநாடி.
நத்தாருக்கு முதல்நாள் சனம் நெரிக்கையிலும்
பத்து ரூபா பிசகியதில்லை.

அந்தப் பெருவிரல்தான் முதலில் வீங்கியது.

இப்போது விடியலில்
தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்துகிறேன்,
பூசையில் பாதர் கிண்ணம் உயர்த்துவதுபோல.
மகன் பார்த்துச் சிரித்தான்.
நானும் சிரித்தேன்,
கொஞ்சம் சிந்தியது.

முதல் மாதம் முழுச் சம்பளம்.
முதலாளி நல்ல மனிசன்.
இரண்டாம் மாதம் பாதியும்
ஒரு பை தோடம்பழமும்.
மூன்றாம் மாதம்
"சுகமாகி ஆறுதலாய் வாரும் பிள்ளை" என்றார்.
ஆறுதல் என்றால் இங்கே மெதுவாக.
ஆறுதல் என்றால் தேற்றுவதும்தான்.
இரண்டில் எதைச் சொன்னாரென்று
கடற்கரை வீதி முழுக்க யோசித்து நடந்தேன்.

என் கதிரையில் இப்போது டிலக்சனா.
பின்னேரங்களில் போன் எடுப்பாள்:
"அக்கா, மாத்தக் கொண்டுவந்த சீலைக்கு
பில் எப்பிடிப் போடுறது?"
சொல்லிக்கொடுக்கிறேன்.
அவள் வீட்டிலும் அடுப்பு இருக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் மருந்து காசில்லை.
அங்கே இல்லாத மருந்துக்கு ஒரு துண்டு காசில்லாமல் தருவார்கள்.
துண்டை நீட்டினால் பாமசிப் பெடியன்
"எத்தினை நாளுக்கு?" என்பான்.
மாதத்துக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை.
கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டுவான்.
எங்கள் கடையில் சட்டைத்துணி வெட்டும்
அதே சத்தம்.

கொடி அடகில் இருக்கிறது.
கழுத்து வெறுமை தெரியாமல்
செபமாலையைப் போட்டுக்கொண்டேன்.
"என்ன, நேர்த்தியோ?" என்றாள் மச்சாள்.
ஓம் என்றேன்.
அந்தப் பொய்க்குப் பிறகு
உண்மையாகவே இரண்டு மணி உருட்டினேன்,
விரல் நொந்தது, விட்டுவிட்டேன்.

சேமலாப நிதி கேட்டுத் தொழில் கந்தோருக்குப் போனேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் அன்பாகத்தான் சொன்னார்:
ஐம்பது வயசு வரவேணும்,
இல்லாட்டி இனி வேலை செய்யவே ஏலாது,
நிரந்தரமாய் ஏலாது எண்டு டொக்டர் எழுதவேணும்.
எனக்கு முப்பத்தொன்பது.

அடுத்த கிளினிக்கில்
டொக்டர் பிள்ளை என் கணுக்களை ஒவ்வொன்றாய் அமத்திப் பார்த்து
"மருந்து பிடிக்குது அம்மா,
ஒரு வருசத்திலை வேலைக்குப் போகலாம்" என்றாள்.
சந்தோசப்படவேண்டிய முகத்தை
எங்கே வைத்தேனென்று தேடினேன்.
நிரந்தரம் எண்டு எழுதேலாதோ பிள்ளை?
தொண்டைவரை வந்தது.
கேட்கவில்லை.
வெட்கம் கேட்க நினைத்ததற்கா,
கேட்காமல் வந்ததற்கா,
இன்னும் கணக்கு முடியவில்லை.

ஒரு வருசம் என்பது
பன்னிரண்டு கரண்ட் பில்,
ரியூசன் சேர் இரண்டு தரம் கேட்டுவிட்டு
மூன்றாம் தரம் கேட்காமல் விடுவது,
சீட்டுக்காரி முத்தத்தில் நின்று
முதலில் என் வருத்தம் விசாரிப்பது.

ஞானசீலன் நண்டு வலைக்குப் போகிறான்.
காற்றுக் கிளம்பினால் அவனுக்கும் லீவு,
சம்பளமில்லாத லீவு.
நேற்று போனான்.
இருட்டிய பிறகு வந்து
ஈரத்தாள்களை என் முன்னால் மேசையில் வைத்தான்.
வழியிலேயே எண்ணியிருப்பான், எனக்குத் தெரியும்.
ஆனாலும் வைத்தான்,
சறத்தை உதறிக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தான்.

உள்ளங்கை ஓரத்தால்
ஒவ்வொரு தாளாய்த் தள்ளினேன்.
மகன் வாய்ப்பாடு முழுக்கச் சொல்லி முடித்தான்.
"இரண்டாயிரத்து எழுநூறு."
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒன்றும் சொல்லாததில்
பிசகு இருப்பது விளங்கியது.

திரும்ப எண்ணினேன்.
இரண்டு நூறு உப்பில் ஒட்டிக் கிடந்தன,
ஒன்றென்று தள்ளியிருக்கிறேன்.

"எண்ணூறு" என்றேன்.
"ஓம்" என்றான்.

நாளைக்குக் கத்தரிக்கோலை
இன்னும் ஒரு குளிசை தள்ளி வைக்கச் சொல்லலாம்.