விதைப்பூண்டு

பூம்பாறையில் எவனும்
நடவுக்கு முன்னால்
பரணிலிருந்து விதைப்பூண்டை இறக்கமாட்டான்.
நான் இறக்கினேன். நான்கு மூட்டை.

வடுகபட்டி வியாபாரியிடம் பேச எனக்கு வராது.
எப்போதும் அருளப்பன்தான்,
எட்டு வருஷமாக மேட்டில் ஏறாத அருளப்பன்,
போனைக் காதில் வைத்து
வாக்கியத்துக்கு நடுவே நின்று நின்று
மூச்சு வாங்கி
கிலோவுக்கு முப்பது ரூபாய் ஏற்றிவிட்டான்.
பிறகு என்னைத் திட்டினான்:
"விதையை விக்கிற அளவுக்கு
உனக்கென்னடா தலைபோற அவசரம்?"

மதுரையில் பணம் கட்டுகிற ஜன்னலில்
எண்ணி முடித்த பெண்
விரலை முகர்ந்து பார்த்தாள்.
வால்வுக்கு இன்னும் இருபதாயிரம் குறைகிறது என்றாள்.

பின்னால் சக்கர நாற்காலியில் அவன்.
மூக்கில் குழாய் இருந்ததால்
வாசனை எட்டாதென்று நினைத்திருந்தேன்.

"முப்பது பத்தாதுடா" என்றான்,
"நாப்பது கேட்டிருக்கணும்."