நாலாயிரம் ஹேர்ட்ஸ்

பழைய காரில் எல்லாச் சத்தமும் இருந்தது,
அதனால் ஒரு சத்தமும் இருக்கவில்லை.
இது மின்சாரக் கார்.
ஹைலெவல் வீதியில் கிருலப்பனைச் சந்தி தாண்டி
நாற்பதில் போகையில்
இடப்பக்கக் கதவுக்குள் யாரோ
பேனாமூடியைத் திறந்து மூடுகிறார்.
டிக்.
கொஞ்சம் பொறுத்து, டிக்.

அன்று வீட்டுக்கு வந்து பதினோராம் நாள்.
லீசிங் அறுபது மாதம்,
ஒரு மாதமும் இன்னும் கட்டவில்லை.

கதவு இடுக்கில் மேலே என் சுண்டுவிரல் போகும்,
கீழே நகம்கூடப் போகாது.
பின்விளக்குக்குள் வைகாசி மழை
அரை அங்குலம் தேங்கி நிற்கிறது;
பிரேக் பிடித்தால் சிவப்பாய் அலையடிக்கிறது.
"மீன் வளர்க்கலாமே" என்றாள் லிஃப்டில்
ஐந்தாம் மாடிச் சுகந்தமலர்.
சிரித்தேன். கதவைச் சாத்திய பிறகு சிரிக்கவில்லை.

பேலியகொடை சேர்விஸ் சென்டரில்
குளிரூட்டிய அறையும் பால்தேநீரும் உண்டு.
முதல் தரம் மென்பொருளைப் புதுப்பித்தார்கள்.
இரண்டாந்தரமும் அதையேதான்.
மூன்றாந்தரம் காரைக் கழுவித் தந்தார்கள்,
விளக்குக்குள் தண்ணீர் கூடியிருந்தது.
வேலை அட்டையில்: சத்தம் எதுவும் இல்லை.

நான் சம்பளம் வாங்குவதே
சத்தம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கு.
பொரளையில், பஞ்சுச் சுவர் வைத்த சிற்றறையில்
ஆட்களை இருத்தி, காதில் கருவியை மாட்டி,
கேட்டால் கையைத் தூக்குங்கள் என்பேன்.
கேளாததற்கும் தூக்குகிறவர்களை அறிவேன்.
கேட்டும் தூக்காதவர்களையும்.

ஆகவே நாலாந்தரம்
மெக்கானிக்கையே பக்கத்தில் ஏற்றினேன்.
நிஃப்ராஸ். நாற்பத்தாறு வயதிருக்கும்.
களனிப் பாலம் ஏறி இறங்கினோம்.
"இப்ப கேட்டதா?"
"இல்ல மிஸ்."
"இப்ப?"
தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார்,
மூச்சையும் பிடித்துக்கொண்டு முயன்றார்.
"சத்தியமா இல்ல மிஸ்."

பொய் சொல்கிறவன் இவ்வளவு கஷ்டப்பட மாட்டான்.
இதற்கு முன் எங்கே வேலை என்று கேட்டேன்.
பஞ்சிகாவத்தை. இருபத்திரண்டு வருடம்.
டீசல் லொறி எஞ்சின்கள்.
காதுக்கு ஏதும் போட்டாரா?
யார் போட்டார்கள், என்று சிரித்தார்.
தாள் இல்லாமலே தெரிந்தது எனக்கு அவர் வரைபடம்:
சமதரையாய் வந்து
நாலாயிரம் ஹேர்ட்ஸில் கிணறாய் இறங்கும் கோடு.
என் டிக் அந்தக் கிணற்றுக்குள்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஒன்றும் சொல்லவில்லை நான்.
"இன்னொருக்கா ஓட்டுங்க" என்றார்.
உள்ளங்கையைக் கதவில் பதித்து
ரொட்டிமாவின் பதம் பார்ப்பவர்போல
மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார்.
பிடிகைக்குச் சற்றுக் கீழே கை நின்றது.
"இங்க ஒண்டு துடிக்குது."

பலகையைக் கழற்றினால்
பாதி மாட்டிய ஒரு கிளிப்.
அதன் கீழே, இடம் நழுவி,
நாலாய் மடித்த பெட்டி அட்டைத் துண்டு.
அதிலிருந்த எழுத்தை இரண்டு பேராலும் வாசிக்க முடியவில்லை.

ஆக, கடலுக்கு அப்பால் அந்தத் தொழிற்சாலையில்
யாரோ ஒருவருக்கு இது கேட்டிருக்கிறது.
அடுத்த கதவு வந்துகொண்டிருந்திருக்கும்.
கிளிப் கேட்டு யாரிடம் போவது?
அட்டையைக் கிழித்திருக்கிறார்.

நிஃப்ராஸ் புதுக் கிளிப் அடித்தார்,
கறுப்புக் கம்பளித் துணி ஒட்டினார்.
உத்தரவாதத்துக்குள், காசில்லை.
மறுபடி பாலம் ஏறினோம்.
அவர் வீதியைப் பார்க்கவில்லை,
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கேட்கவில்லை என்பதற்கு
எங்கள் அறையில் சைகை கிடையாது.
தலையை ஆட்டினேன்.

இறங்குமுன் என் அட்டையின் பின்னால்
செவ்வாய், காலை எட்டரை என்று எழுதிக் கொடுத்தேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
"செவ்வாய் ஏழு கார் வருது மிஸ்" என்றார்,
சட்டைப்பையில் வைத்தார்.
அந்த மடித்த துண்டை நான் எடுத்துக்கொண்டேன்.

பின்விளக்கைப் பற்றிக் கேட்க மறந்தே போனேன்.
தெமட்டகொடையில் மழை பிடித்தது.
பிரேக்கை மிதித்தேன்.
கண்ணாடியில், பின்னால் நின்ற
முச்சக்கரவண்டிக்காரரின் முகத்தில்
சிவப்புத் தண்ணீர் ஆடியது.