ஓவர்லேப்

கலியவரதனுக்கு முதலில் பிடித்தது சத்தம்தான்.
எவனோ ஒருத்தன் வண்டி நின்ற இடத்திலேயே
நொண்டியடித்துத் துடிப்பதைக்
கைப்பேசியில் பதினேழு முறை போட்டுக் காட்டினான்.
"இதே மாதிரி வேணும்க்கா."
சிதம்பரம் பஸ் போன இரைச்சலில் கேட்காமல் போக,
வாயாலேயே செய்து காட்டினான்.
செம்மண்டலத்தில் டீக்கடை வரை சிரித்தார்கள்.

கேமையும் அவனே வாங்கி வந்திருந்தான்.
இருநூற்று எண்பது டிகிரி.
இறால் பண்ணையில் ஒரு போகத்து லாபம்,
துறைமுகத்து வஞ்சிரம்போல
எண்ணெய்த்தாளில் சுற்றியிருந்தது.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு இது சரி, என்றேன்.
அங்கே போகிற புகை
வருகிற காற்றை வாசலில் கைபிடித்து இழுக்கும்.
உன் வண்டியில் புகை போகும் வழியில்
ஒரு விசிறி நிற்கிறது, சுங்கச்சாவடி மாதிரி.
அங்கே எப்போதும் நெரிசல்.
இரண்டு கதவையும் ஒருசேர
இவ்வளவு நேரம் திறந்து வைத்தால்
வெளியே போன கூட்டம்
திரும்ப உள்ளேயே வரும்.

கேட்கவில்லை. பணம் அவனுடையது.
மாட்டிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் வந்தான்.
ஆல்பேட்டைப் பாலத்து ஏற்றத்தில்
ஒரு ஷேர் ஆட்டோ முந்திப் போனதாம்.
உள்ளே ஏழு பேர்.
பின்னால் உட்கார்ந்திருந்தவள் மடியில்
கூடை நிறைய சங்கரா.
அவள் திரும்பிப் பார்த்ததுதான்
அவனுக்குத் தாங்கவில்லை.

அடுத்து நான் சொன்னதை வாங்கினான்.
இருநூற்று ஐம்பத்திரண்டு.
காகிதத்தில் பார்த்தால் ஏமாற்றம்தான்:
கதவு திறந்திருக்கும் நேரம் குறைவு,
திறக்கும்போது மட்டும் அகலமாகத் திறக்கும்.
ஒன்று மூடி முடிக்கப்போகும்போதுதான்
மற்றது தாழ்ப்பாளைத் தொடும்.
ஸ்பிரிங்கும் கெட்டியாக மாற்றினோம்.
பூஸ்ட் முதுகில் கைவைத்துத் தள்ளும்போது
வால்வு வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி பார்க்க
இமாமுதீன் களிமண் கேட்டான்.
என் மகள் பையில் பச்சை மட்டும் மிச்சம்.
பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை இறக்கி,
கிராங்க்கைக் கையால் சுற்றினான்.
கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒன்று.
அத்தனை அவசரத்துக்கு நடுவில்
அது மட்டும் பாதி வேகத்தில்தான் வரும்,
எவன் விரட்டினாலும்.
கழற்றினால் பச்சையில் ஒரு பிறை.
பிளேடால் குறுக்கே வெட்டி அளந்தோம்.
இரண்டு மில்லிமீட்டர், ஒரு மயிரிழை கூடுதல்.
அந்த மயிரிழையில் இருந்தது
கலியவரதனின் மிச்ச லாபம்.

டயல் கேஜ் முள்ளை நம்பாமல்
மூன்று தரம் டிகிரி பார்த்தேன்.
மூன்றாம் தரம் கரண்ட் போனது.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முடித்தேன்.

விடியற்காலை ஐந்தரை.
சாவி போட்டதும் அவன் முகம் விழுந்தது.
ஐடில், பால் காய்ச்சுகிற அடுப்பு மாதிரி
சீராக நின்றது.
"சத்தமே வரலியேக்கா."
ஆல்பேட்டை வரை அதையே முனகினான்.
சிப்காட் நாற்றம் பின்னால் போய்
ரெட்டிச்சாவடி தாண்டியதும்
சாலை நேராக, காலியாகக் கிடந்தது.
இரண்டாயிரத்து நானூறில் மிதித்தான்.

எதுவும் சொல்லவில்லை.
முள்ளோடை பங்க்கில்
விலை குறைந்த பெட்ரோலுக்கு நிறுத்தி
டேங்க் நிரம்பும் வரை
ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.
பங்க் பையன் இரண்டு முறை காசு கேட்டான்.

பழைய எண்பதைப் பண்ணையில்
வலைக்குப் பாரமாகக் கட்டட்டுமா என்றான்.
துருவேறும், இறால் சாகும் என்றேன்.
என்னிடமே விட்டுப் போனான்.
கடல்காற்றுக்குப் படீரென்று சாத்திக்கொள்ளும்
பட்டறைக் கதவுக்கு இப்போது அதுதான் முட்டு.
கதவைத் திறந்தே வைப்பதில்
அதை மிஞ்ச ஆளில்லை.

யாழிசை நேற்றும் கேட்டாள்,
பச்சைக் களிமண் எங்கே என்று.