தலைப்புப் பாடல் மட்டும்

அவன் பேசியதெல்லாம் நான் பேசியது.
காதலைச் சொன்னது, உயிலைக் கிழித்தது,
தம்பியைச் சுட்டது, சுடப்பட்ட தம்பி
"நீயா" என்று கேட்டது,
பாதிரியார், வக்கீல், குதிரைக்காரன்
எல்லா ஆண்களும் நானே.
பெண்கள் அத்தனை பேருக்கும் மக்வாலா ஒருத்தி.
சம்பளத்தைச் சில மாதம்
மண்ணெண்ணெயாகத் தந்தார்கள்.

அந்தக் குளிர்காலங்களில் திபிலிசியில் கரண்ட் கிடையாது.
கார் பாட்டரியை ஐந்தாம் மாடிக்குச் சுமந்து
டிவியில் கொடுத்து
கட்டிடமே ஒரு வீட்டில் கோட்டோடு உட்கார்ந்து பார்த்தது
வெனிசுவேலாவில் ஒரு டாக்டர்
நினைவிழப்பதை, பார்வையிழப்பதை,
முப்பத்தெட்டாம் வாரம் திடீரென்று
தனக்கே இரட்டையாகப் பிறந்திருந்ததை.
எவேலியோ உர்தனேத்தா.
மீசை. வெயில். மூன்று பொத்தான் திறந்த வெள்ளைச் சட்டை.

தலைப்புப் பாடல் மட்டும் அவன் குரல்.
பாட்டுக்கு எதற்கு மொழிபெயர்ப்பு என்று விட்டுவிட்டார்கள்.
அந்த ஒன்றரை நிமிடம்
மைக்கை அணைத்துவிட்டு மூக்கைச் சிந்துவேன்,
ஆறிய டீயைக் குடிப்பேன்.
அவனை நான் கேட்டது அப்போது மட்டும்தான்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்தான், பாட.
மீசை இல்லை. முழங்காலில் ஏதோ கோளாறு.
முதலில் அந்தப் பாட்டு.
ஒரு சொல்லும் புரியாத அரங்கம்
ஒரு சொல்லும் விடாமல் கூடப் பாடியது.
பிறகு அவன் பேசினான்.

மெல்லிய குரல், மூக்கால் வருவது,
சொற்களின் வாலை விழுங்கிக்கொண்டு ஓடுவது.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி
புருஷனைப் பார்த்து "இது யார்?" என்றாள்.
பின்னால் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
தெய்முராஸ்! தெய்முராஸ்!
மஃப்ளரைக்கூடக் கழற்றாமல் மேடையேறி
"மாலை வணக்கம்" என்றேன்.
எழுந்து நின்று தட்டினார்கள்.
தன் கோட்டை மாட்டிக்கொண்டு எதிரே வருகிறவனைப்
பார்ப்பதுபோல அவன் என்னைப் பார்த்தான்.

ராத்திரி சாப்பாட்டில், நடுவில் மொழிபெயர்க்கும் பெண்.
கபீமாஸில் எண்ணெய்க் கிணற்று மெக்கானிக்கின் மகனாம்.
கிறிஸ்துமஸுக்குத் தெருத்தெருவாகப் பாடப்போன இடத்தில்
முகத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார்களாம்.
பாடத்தான் வந்தேன், ஒரு ரெக்கார்டு போடுவோம் என்றார்கள்,
அதற்கு முன் ஒரே ஒரு தொடர் என்றார்கள்.
பதினாறு தொடர்.
ரெக்கார்டும் வந்தது, அட்டையில் ஸ்டெதஸ்கோப்போடு.
இப்போது கப்பல்களில் பாடுகிறான்,
திங்கள் விடுமுறை.

அம்மாவின் கட்டிலருகே அழுத காட்சி, நூற்று நாற்பத்து மூன்று,
அதைப்பற்றி இங்கேயும் கேட்கிறார்களே,
அதில் நான் என்னதான் சொன்னேன் என்றான்.
ஏன், உனக்குத் தெரியாதா?
காதுக்குள் வசனம் சொல்கிற கருவி
அன்றைக்குச் செத்துவிட்டதாம்.
வாய் அசைய வேண்டுமே என்று
வீட்டுக்குப் போகும் பஸ்ஸின் நிறுத்தங்களை
வரிசையாகச் சொல்லி அழுதானாம்.

எங்களுக்கு வந்த தாள்களில் அந்தப் பக்கம் வெறுமை.
சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.
தெசலோனிகிக்கு வீட்டு வேலைக்குப் போன என் மனைவியிடம்
ரயிலடியில் சொல்லாமல் விட்டதை
அவன் உதடு மூடும்வரை சொன்னேன்.

மொழிபெயர்க்கும் பெண் இதைச் சொல்லாமல்
கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்தாள்.
அந்த வசனம் எங்கள் அம்மாவுக்கு மனப்பாடம் என்றாள்
என்னிடம், எங்கள் மொழியில்.
பிறகு அவனிடம் சொன்னாள்.

திரும்பச் சொல் என்றான்.
சொன்னேன். ஞாபகம் இருந்தது.
கூடவே அவனும் கண்ணை மூடிக்கொண்டு
சாந்தா ரீத்தா, எல் மெனே,
பால்மரேஹோ வருவதற்குள் நிறுத்திவிட்டான்.
எனக்கு இன்னும் இரண்டு வரி இருந்தது.

பஸ் இப்போது அங்கே நிற்பதில்லையாம்.