தங்கூசி

கந்தளாய்க் குளத்தில் எஞ்சின் போட விடமாட்டார்கள்.
நியாஸ்தீன் தண்டு வலிக்கிறான்.
வலிப்பவன் முகம் பின்னுக்குத்தான் இருக்கும்,
பின்னணியத்தில் கோலோடு குந்தியிருக்கும்
என்னைப் பார்த்தபடி.

இருபது பாகம் தங்கூசி வெளியே.
அதன் அந்தத்தில் ஒரு தேக்கரண்டி,
ஆஸ்பத்திரிக் கன்டீனில் நான் களவெடுத்தது.
பிடியை வெட்டி, இரண்டு துளை போட்டு,
மும்முனைத் தூண்டில் கோர்த்து,
குழிந்த பக்கம் மட்டும்
மனைவியின் நகப்பூச்சால் சிவப்பு.

கரண்டி மீனாவதற்கு ஒரு வேகம் இருக்கிறது.
கொஞ்சம் கூடினால் பம்பரமாய்ச் சுற்றி
தங்கூசியை முறுக்கிப்போடும்.
கொஞ்சம் சுணங்கினால்
வெறும் கரண்டியாகித் தாழும்.
நடுவில், ஒரு நடை தூரத்துக்கு,
வாளைகூட நம்பிவிடும்.

அந்த வேகம் கோலின் நுனியில் தெரியும்:
டிக் டிக் டிக் என்று ஒரு சின்ன நடுக்கம்.
மூன்று வருசமாய் நான் பார்ப்பது அதைத்தான்.
மகளுக்குத் தோஹாவில் வேலை சரிவந்த கதையில்
நுனி விர்ரென்று துடிக்கும்.
ஓட்டோக் காசைத் திருப்பித் தராத மைத்துனன் வந்தால்
இடது தண்டில் கோபம் ஏறி
வள்ளம் தானாகவே
சீனி ஆலைப் பக்கம் திரும்பும்.
இந்த மாதம் எந்தக் கதைக்கும்
அவனிடம் வேகம் இல்லை.

எனக்குக் காரணம் தெரியும்.
திங்கட்கிழமை, ஆய்வுகூடத்தில்,
அவன் பெயர் எழுதிய குழாயை
மெஷினில் வைத்தவன் நான்.
இரண்டாம் முறையும் வைத்தேன்.
அதே எண்.

வியாழன் கிளினிக்கில் டாக்டர் சொல்லட்டும்.
அதுதான் முறை, அதுதான் சட்டமும்.
செவ்வாய் முழுக்க நான் நல்லபடி சட்டத்தோடு இருந்தேன்.
இன்று புதன்.
விடியலில் அவனே கூப்பிட்டான், குளத்துக்குப் போவம் என்று.

பட்ட மரங்களின் மேல்
நீர்க்காகங்கள் செட்டை விரித்துக் காய்கின்றன.
குளக்கட்டில் ஒரு பஸ்
ஹோர்ன் அடித்தபடி ஊர்கிறது, திருகோணமலைக்கு.

"நீ பார்த்திருப்பாய்தானே, மச்சான்."

கேள்வியாய்க் கேட்கவில்லை.
தண்டு இரண்டையும் தூக்கி
மடியில் வைத்துக்கொண்டான்.
தண்டிலிருந்து சொட்டிய தண்ணீர்
அவன் சாரத்தை நனைத்தது.
நுனி நின்றுவிட்டது.
தங்கூசி தொய்ய,
கரண்டி போய்க்கொண்டேயிருந்தது கீழே,
குளம் கட்டமுன் நின்ற காட்டின்
அடிக்கட்டைகள் இருக்கும் இடத்துக்கு.

நான் பதிலுக்குக் கோலை வெட்டி இழுத்தேன்.
சிக்கிவிட்டது.
இன்னும் இழுத்தேன்.

"இழுக்காத. அறும்.
மறுபக்கம் போய்த்தான் எடுக்கணும்."

வள்ளத்தைத் திருப்பினான்.
நான் சுற்றச் சுற்ற
எங்களுக்கிடையில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது:
பதினைந்து பாகம், எட்டு, மூன்று,
பிறகு நேர் கீழே.
பிறகு அதையும் தாண்டி
ஒரு வள்ள நீளம்.

அங்கிருந்து சொன்னேன்.
"கிரியேட்டினின். நாலு தசம் ரெண்டு."
"எவ்வளவு இருக்கணும்?"
"ஒண்டு. கூடினா ஒண்டேகால்."

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தான்.
"வாழ்க்கையில எனக்கு ஒண்டுமே
ரெட்டிப்பாக் கிடைச்சதில்ல.
இது மட்டும் நாலு மடங்கு."

சிரிக்கலாமா என்று தெரியாத என் கையில்
தங்கூசி சட்டென்று இளகியது.
கரண்டி மேலே வந்தது,
ஒரு முனை நிமிர்ந்து,
சிவப்பு பாதி உரிந்து,
கறுப்பாய் ஒரு மரச்செதிலைக் கவ்விக்கொண்டு.

அவன் அதை வாங்கி
பல்லால் முனையை வளைத்தான்.
எழும்பினான். வள்ளம் ஆட,
ஒருவர் தோளை ஒருவர் பிடித்து
இடம் மாறினோம்.

"நீ வலி," என்றான்.

எனக்குத் தண்டு பழக்கமில்லை.
ஒன்று ஆழ இறங்கும், மற்றது தண்ணீரைச் சுரண்டும்.
இருபது பாகத்தையும் விட்டுவிட்டு
கோலின் நுனியைப் பார்த்தபடி இருந்தான்.
என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"மெதுவா, மச்சான்.
பயப்படுறாய்.
கரண்டி சுத்துது."