வான்

வானில் ஏறித்தான் வான் பார்க்கப் போனோம்.
மேலே வான் மூடிக் கிடந்தது.
மூன்றையும் ஒரே மூச்சில் குழப்பாமல் சொல்ல
எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் வரும்.

முதல்நாள் இரவே செய்தி வந்துவிட்டது:
வவுனிக்குளம் ஆறங்குலம் வான் பாயுது.
விடிய மல்லாவிச் சந்தியில் நேசராசாவின் வாகனம்.
பதினாலு பேருக்குரியதில் இருபத்தொரு பேர்.
மரியநாயகியின் மடியில் ஒரு சட்டி றொட்டி.
அவளுடைய இளைய பெடியன்
"நீர்வீழ்ச்சி! நீர்வீழ்ச்சி!" என்று
யன்னலுக்கு வெளியே கத்திக்கொண்டு வந்தான்.
ஒருவரும் அவனைத் திருத்தவில்லை.

மலை இல்லை எங்களிடம்.
ஒரு பந்தை உருட்டிவிட்டால்
எந்தப் பக்கம் போவதென்று யோசிக்கும் நிலம்.
இப்படியான நாட்டில் தண்ணீர் விழ வேண்டுமென்றால்
முதலில் அதைத் தூக்க வேண்டும்.
யாரோ தூக்கியிருக்கிறார்கள்,
கூடை கூடையாய் மண் சுமந்து
ஓர் ஆற்றை இரண்டாள் உயரத்துக்கு.

இரண்டாள் உயரம்தான்.
மலைநாட்டில் ஒருமுறை பெரிய அருவி பார்த்தேன்,
நிலத்துக்கு வருமுன்னே பாதி புகையாய்ப் போனது.
இது அப்படியில்லை.
முழுவதும் வந்து விழுகிறது.
சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறி
சப்பாணி கட்டி உட்கார்ந்துகொள்கிறது.

அவித்த சோளம், ஐஸ்கிறீம் வண்டியின் தேய்ந்த மெட்டு,
தண்ணீருக்கு முதுகு காட்டிப் படமெடுக்கும் கூட்டம்.
நான் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதுவரை பச்சை. கட்டில் ஒரு கணம்
கண்ணாடிபோல் வளைகிறது,
வளைவுக்குள் பாசி தெரிகிறது, ஒவ்வோர் இழையாக.
பிறகுதான் வெள்ளை.
வெள்ளை தண்ணீருடையதல்ல, காற்றுடையது.
விழுகிற எவரும்
கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பார்கள்தானே.

அளவுகோல் பார்க்கும் பத்திநாதன்
கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.
"இப்ப எட்டரை" என்றார்.
புரட்டிப் பார்க்கத் தந்தார்.
மாரிக்கு மாரி, அங்குலம் அங்குலமாய் நீல மை.
நடுவில் இரண்டு பக்கம் வெறும் கோடுகள்.
ஆண்டை நான் கேட்கவில்லை.
"பாய்ஞ்சுதான் இருக்கும்" என்றார்,
"பாக்கத்தான் ஆள் இல்லை."

அந்தி பட்டு எல்லோரும் கிளம்பினார்கள்.
நாங்கள் கிளம்ப முடியவில்லை.
கட்டின் கீழே, சேற்றில்,
பின்சில்லு இரண்டும் புதைந்துவிட்டன.
நேசராசா எஞ்சினையும் தன்னையும் மாறி மாறித் திட்டினான்.

சலம் கழிக்கப் போன பெடியன்தான் கூப்பிட்டான்:
"மாமி, இங்க சுவர் அசையுது."

போன் வெளிச்சம் பிடித்தோம்.
வானின் ஓரத்தில், தண்ணீர் விழாமல் கசியும் இடத்தில்,
ஈரச் சுவர் முழுக்கத் தையல்நூல் தடிப்பில் உயிர்கள்.
விலாங்குக் குஞ்சுகள்.
எந்தக் கடலின் எந்த ஆழத்தில் பிறந்தனவோ,
பாலியாற்றின் வாயால் நுழைந்து
வெள்ளத்துக்கு எதிரே இத்தனை காடு கடந்து
இப்போது சீமெந்தில் வயிற்றை ஒட்டி
ஒரு விரற்கடை ஏறுகின்றன.
நிற்கின்றன.
இன்னொரு விரற்கடை.

பகல் முழுக்க நாங்கள் விழுவதைப் பார்க்க வந்த இடம்.

ஒன்று நழுவி நுரைக்குள் போனது.
"திரும்பி வரும்" என்றான் பெடியன்,
எப்படித் தெரியுமென்று நான் கேட்கவில்லை.
மரியநாயகி மூச்சைக்கூட மெல்ல விட்டாள்,
சுவரில் பட்டுவிடுமென்று பயந்தவள்போல.

நேசராசா ஹோர்ன் அடித்தான். போனோம்.
செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு
முழங்கால் சேற்றில் நின்று,
தோளையும் கன்னத்தையும் ஈரத் தகரத்தில் ஒட்டி,
வழுக்கி, நின்று, இன்னொருமுறை,
இருபத்தொரு பேர்
வானைத் தள்ளினோம்
கட்டுக்கு மேலே.